முதலும் வீதமும்

கொழும்பு செட்டியார் தெருவில் ஒரு சங்கிலிக்குப் பில் போடுவது மூன்று படியில் முடிந்துவிடும். அன்றைய பவுண் விலையை எட்டால் வகுத்தால் கிராம் விலை. சங்கிலியின் நிறையோடு சேதாரத்தைச் சேர்த்து அந்த விலையால் பெருக்கினால் பொன்னின் பெறுமதி. கடைசியில் செய்கூலி. செய்கூலி உருப்படிக்கு இவ்வளவு என்று பேசப்பட்டிருந்தால், இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் 'வை சமன் எம்எக்ஸ் சக சீ' என்று ஒப்பிக்கும் நேர்கோட்டுச் சமன்பாடு அந்தத் துண்டுக் காகிதத்தில் முழுமையாக இருக்கிறது. சேதாரம் ஏறிய கிராம் விலை, கோடு எவ்வளவு ஏறுகிறது என்று சொல்லும் படித்திறன்; செய்கூலி, கோடு நிலையச்சை வெட்டும் இடமாகிய வெட்டுத்துண்டு. பில் போடுகிறவருக்கு இந்தச் சொற்கள் வேண்டியதில்லை. அந்தத் தெருவைக் கடந்து கொட்டாஞ்சேனைப் பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்குச் சொற்கள் தெரியும், ஆனால் அவை அந்தக் காகிதத்தில் இருப்பதாக யாரும் காட்டியிருக்கமாட்டார்கள். நேர்கோட்டுச் சார்பை நடைமுறை வாழ்விலிருந்து கற்பிக்க வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சிகளில் இப்போது சொல்லப்படுவது மேற்கிலிருந்து வந்த புதுச் சரக்குப்போலத் தோன்றுவதற்கு இந்த இடைவெளியே காரணம். வரலாறு வேறு மாதிரிச் சொல்கிறது. இந்தக் கணக்கு கடைத்தெருவிலிருந்துதான் வகுப்பறைக்குப் போயிற்று. போகிற வழியில் ஒரு பழக்கத்தைத் தவறவிட்டது. இந்த விதி இந்த இடத்துக்குச் செல்லுமா, எதுவரை செல்லும் என்று கேட்கிற பழக்கம் அது. கடைத்தெரு உதாரணங்களை மறுபடி பாடநூலில் ஒட்டவைப்பதால் மட்டும் அது திரும்பிவராது என்பதே இங்கே நான் வாதிக்க வருவது.

திண்ணைப் பள்ளியிலிருந்து தொடங்கலாம். எண்சுவடியை வாய்விட்டுச் சொல்லிப் பழகிய பிள்ளை முந்திரி, காணி, மா, வீசம் என்று பின்னங்களையே முழு எண்போலக் கையாளக் கற்றது. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. இவ்வளவு நுண்ணிய பின்னம் எதற்கென்றால், நெல்லுக்கும் பொன்னுக்கும் நிலத்துக்கும் விலையும் வரியும் போட. காரி நாயனாரின் கணக்கதிகாரம் பொன், நெல், நிலம் என்று பொருள்வாரியாகக் கணக்குகளைச் செய்யுளில் வகுத்துத் தருகிறது. அவற்றில் மிகப் பல ஒரே எலும்புக்கூட்டின்மேல் எழுந்தவை: இத்தனைக்கு இவ்வளவு என்றால் அத்தனைக்கு எவ்வளவு? மூன்று எண்கள் தெரியும், நான்காவதைக் காணவேண்டும். வடமொழியில் இதற்குத் திரைராசிகம், அதாவது மூன்று ராசி, என்று பெயர். 499ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆரியபட்டீயத்தில் விதியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. இன்றைய மொழியில் இது தொடக்கப் புள்ளி வழியாகச் செல்லும் நேர்கோடு. பாடநூல் இதை 'நேர்விகிதசமன்' என்று அழைக்கும். ஒரு படி அரிசிக்கு விலை தெரிந்தால் ஏழே முக்கால் படிக்கு விலை தெரியும், படியே வாங்காவிட்டால் காசும் இல்லை.

ஆனால் பழைய கணக்கு இந்த ஒரே விதியை எங்கும் ஓட்டவில்லை, அதைத்தான் நாம் மறந்துவிட்டோம். 1150இல் எழுதப்பட்ட பாஸ்கரரின் லீலாவதி, மூன்று ராசி விதியைச் சொன்ன கையோடு அதன் தலைகீழ் விதியையும் சொல்லி, அது செல்லும் இடங்களையும் எடுத்துக் காட்டுகிறது. பொன்னின் நிறையும் மாற்றும் அவற்றில் ஒன்று. பத்தரை மாற்றுத் தங்கம் என்று இன்றும் நல்ல மனிதரைப் புகழ்கிறோமே, அந்த மாற்றுத்தான். எட்டு மாற்றுப் பொன்னில் பத்து நிறையும் பத்து மாற்றுப் பொன்னில் எட்டு நிறையும் ஒரே பெறுமதி உடையவை. மாற்றுக் குறையக் குறைய அதே பெறுமதிக்கு நிறை கூடவேண்டும். அதாவது ஒரே தட்டாரின் பலகையில் நிறைக்கும் விலைக்கும் உள்ள உறவு நேர்கோடு, மாற்றுக்கும் நிறைக்கும் உள்ள உறவு வளைவு. எந்தக் கேள்விக்கு எந்த விதி என்று தெரியாதவன் அந்தத் தொழிலில் ஒரு வாரம் தாக்குப்பிடிக்க மாட்டான். திண்ணைப் பள்ளியின் மனப்பாடத்தை நாம் குறை சொல்லலாம், பிரம்பையும் குறை சொல்லலாம். விதியின் எல்லையை விதியோடு சேர்த்தே கற்பித்த மரபுக்கு அது வாரிசு என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

மூன்று ராசியில் ஒரு குறை இருந்தது. பூச்சியத்தில் தொடங்காத கோட்டுக்கு அதில் இடமில்லை. முதல் என்ற சொல் அந்த இடத்தை நிரப்பிற்று. வட்டிக் கணக்கில் தெரிந்த முதல், காலம், வட்டி, புதிய முதல், புதிய காலம் என்று ஐந்து ராசிகளை வைத்துப் புதிய வட்டியைக் காண்பார்கள். கண்ட வட்டியை முதலோடு கூட்டினால் திருப்ப வேண்டிய தொகை. எளிய வட்டியில் மாதத்தைக் கிடையச்சிலும் மொத்தக் கடனை நிலையச்சிலும் வைத்து வரைந்தால், நிலையச்சை முதலில் வெட்டி ஏறும் நேர்கோடு கிடைக்கும். 'முதலும் வட்டியும்' என்று தமிழர் பேச்சில் இணைபிரியாமல் வருகிற இரட்டைச் சொல்லுக்கு வெட்டுத்துண்டும் படித்திறனும் என்று உரை எழுதினால் தப்பாகாது. மாணவர் பலருக்கு அந்த 'சீ' எங்கிருந்து வந்தது என்று பிடிபடுவதில்லை. முதல் என்றால் பிடிபடும், ஏனென்றால் அடகுக் கடை ரசீது இல்லாத வீடு குறைவு.

செட்டியார் தெரு என்ற பெயரே இந்தக் கணக்கின் நினைவுச் சின்னம். 19ஆம் நூற்றாண்டில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கொழும்பில் அரிசி, துணி, கடன் என்று தொழில் விரித்தபோது ஆங்கில வங்கிகளுக்கும் நாட்டு வியாபாரிகளுக்கும் நடுவில் அவர்களே பாலம். வங்கியில் குறைந்த வட்டிக்கு எடுத்து, வங்கி வாசலை மிதிக்க முடியாதவருக்குக் கூடிய வட்டிக்குக் கொடுத்தார்கள். லாபம் என்பது இரண்டு படித்திறன்களின் வித்தியாசம். 1925இல் செட்டியார் கடன் நிறுவனங்களுக்கு நெருக்கடி வந்தது, வங்கிகள் கையை இறுக்கின, உள்ளூர் வியாபாரிக்குக் கடன் கிடைக்காமல் போயிற்று. 1934இன் வங்கி ஆணைக்குழு அறிக்கையும் 1939இல் இலங்கை வங்கி தொடங்கியதும் அந்த வெற்றிடத்தின் தொடர்ச்சி. இங்கே கணிதப் பாடமும் ஒன்று ஒளிந்திருக்கிறது. எளிய வட்டி நேர்கோடு. செலுத்தாத வட்டி முதலோடு ஏறினால் கோடு மேல்நோக்கி வளையத் தொடங்கும். முதல் சில மாதங்களுக்கு இரண்டும் அனேகமாக ஒட்டியே கிடக்கும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கடனாளி மூழ்குவது அந்த ஒட்டிக்கிடக்கும் பகுதியை நம்பித்தான்.

இப்போது ஒரு வரலாற்றாசிரியர் குறுக்கிடலாம், குறுக்கிடவும் வேண்டும். செட்டியார் பேரேட்டில் சார்பு இருந்தது என்பது இன்றைய கண்ணாடியை நேற்றைய மூக்கில் மாட்டுவதாகாதா? ஆம், ஒரு பங்கு அப்படித்தான். தட்டாருக்கும் கணக்கப்பிள்ளைக்கும் இந்தச் சங்கிலிக்கு என்ன விலை, இந்தக் கடனுக்கு என்ன வட்டி என்பதே கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு விடை. எல்லாச் சங்கிலிகளின் விலையையும் ஒரே பார்வையில் பார்க்கிற எண்ணம் அங்கே இல்லை, அதற்குத் தேவையும் இல்லை. சார்பு என்பது அந்த ஒரே பார்வைதான்: எக்ஸ் என்பது கண்டுபிடிக்க வேண்டிய ஓர் எண்ணாக நின்றுவிடாமல், நகர்ந்துகொண்டே இருக்கும் அளவாக மாறுவது. இந்த மாற்றத்தைக் கடைத்தெரு தரவில்லை. தந்தது பள்ளிக்கூடம், அதுவும் வெகு தாமதமாக. ஆகவே நடைமுறை உதாரணம் போதும், பள்ளி வேண்டாம் என்பது என் வாதம் அன்று.

தாமதம் எவ்வளவு என்பதைப் பார்க்கலாம். வட்டுக்கோட்டையில் 1823இல் தொடங்கிய அமெரிக்க மிஷன் செமினரி கணிதத்துக்கும் வானியலுக்கும் பெயர்பெற்றது. அந்த மரபில் வந்த கறல் விசுவநாதபிள்ளை 1855இல் தமிழில் வீசகணிதம் என்ற நூலை வெளியிட்டார். அதில் வீசம் பதினாறில் ஒன்றல்ல, பீஜம் என்ற வடசொல்லின் தமிழுரு. பின்னர் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அவருமாகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள். எழுத்தால் கணக்குப் போடுவது தமிழில் அப்படி நிலைபெற்றது. இலங்கையில் அதற்கு அட்சரகணிதம் என்ற பெயர் நின்றது, தமிழ்நாட்டில் இயற்கணிதம். ஆனால் அக்காலத்து அட்சரகணிதம் உலகெங்கும் தெரியாக் கணியத்தைக் கண்டுபிடிக்கும் கலையே. ஒரு சமன்பாடு, ஒரு எக்ஸ், ஒரு விடை. கொழும்பிலும் அதே நிலை. 1835இல் ஹில் ஸ்ட்ரீட்டில் ஜோசப் மார்ஷ் பாதிரியார் தொடங்கிப் பின் கொழும்பு அக்கடமியாகி, இன்றைய றோயல் கல்லூரியாக வளர்ந்த பள்ளியும், கொட்டாஞ்சேனையில் 1865இல் எழுந்த புனித பெனடிக்ற் கல்லூரியும் 1869இன் நல்லாயன் கன்னியர் மடப் பாடசாலையும் பிறந்த காலத்தில் எண்கணிதத்தின் பெரும்பகுதி நாணயக் கணக்கு. 1825க்குப் பின் பழைய நாணயமான றிக்ஸ் டொலர் ஒன்று 18 பென்ஸ். பவுண், சிலிங், பென்ஸ் என்று மாற்றி மாற்றிப் பெருக்கவேண்டும். 1872இல் ரூபாயும் சதமும் வந்தபோது அந்தச் சிக்கல் ஒரேயடியாக எளிதாயிற்று, வீதம் என்பதை எவரும் தசமமாகவே வாசிக்க முடிந்தது. சம்பளக் குமாஸ்தா வேலைக்கு ஆள் தயாரிக்க அது போதுமாக இருந்தது. பரீட்சைப் பெறுபேற்றைப் பார்த்து மானியம் கொடுக்கும் முறை நடந்த காலமாகையால், விடை வந்தால் சரி. எந்த விதி, ஏன் என்று கேட்க ஆசிரியருக்கு நேரமும் இல்லை, நிதி ஆதாயமும் இல்லை. நான் சொன்ன பழக்கம் தவறிப்போனது ஏறத்தாழ இங்கேதான் என்பது என் கணிப்பு.

வரைபு வகுப்பறைக்கு வந்த கதை இன்னும் சுவையானது. தெக்காட்டின் தளம் 17ஆம் நூற்றாண்டிலேயே இருந்தும் அது பெரியவர்களின் கணிதமாகவே கிடந்தது. 1901இல் கிளாஸ்கோவில் ஜோன் பெரி என்ற பொறியியல் பேராசிரியர் கணிதக் கல்வியைச் சீர்திருத்தக் கோரி ஆற்றிய உரைக்குப் பிறகே கட்டக் கொப்பியில் வரைவது ஆங்கிலப் பள்ளிகளில் பரவிற்று. 1905இல் ஜெர்மனியில் பீலிக்ஸ் கிளைனின் முன்முயற்சியில் வந்த மெரான் திட்டம், சார்பு என்ற எண்ணமே பள்ளிக் கணிதத்தின் அச்சாக வேண்டும் என்றது. இருவர் காட்டிய வழியும் நடைமுறையிலிருந்தே வந்தது: பெரிக்குப் பட்டறையும் இயந்திரமும், கிளைனுக்கு இயற்பியலும் பொறியியலும். ஆனால் பட்டறைக்கு முன்பே இரயில்வேக்காரர்கள் நேர்கோட்டை வரைந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் இப்ரி வகுத்த வரைபில் நேரம் ஓர் அச்சு, நிலையங்கள் மற்றோர் அச்சு. ஒவ்வொரு இரயிலும் ஒரு சாய்ந்த கோடு. வேகம் கூடக் கூடக் கோடு செங்குத்தாகும், நிலையத்தில் நின்றால் கிடையாகும். எதிர் எதிராக வரும் இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் இரண்டு இரயில்களும் சந்திக்கும். ஒற்றைத் தண்டவாளமென்றால் அந்த இடத்தில் ஒதுங்கும் பாதை இருந்தே தீரவேண்டும்.

கொழும்பில் இதைக் கற்பிக்க வெள்ளவத்தை நிலையத்தைவிட நல்ல இடம் கிடையாது. கரையோரப் பாதை 1877இல் மொறட்டுவை வரை போய்விட்டது. கோட்டையிலிருந்து கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று கடலை ஒட்டியே வருகிறது. எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டியும் நிற்காமல் பறக்கும் வண்டியும் ஒரே தாளில் வரையப்பட்டால், ஒன்று படிக்கட்டுப்போல ஏறும், மற்றது ஒரே வீச்சாகச் செல்லும். பின்னால் புறப்பட்டது முன்னதை எங்கே பிடிக்கும் என்பதுதான் ஒருங்கமை சமன்பாடு. விடை காகிதத்தில் ஒரு வெட்டுப்புள்ளி, தண்டவாளத்தில் ஒரு விபத்து அல்லது ஒரு சமிக்ஞை விளக்கு. இந்தப் பிரதேசத்துப் பிள்ளைகள் பலர் அந்த வண்டிச் சத்தத்தில்தான் பாடம் படிக்கிறார்கள். ஆனாலும் பரீட்சைத் தாள்களில் இரயில்கள் பெரும்பாலும் ஏ நகரிலிருந்து பீ நகருக்கே போகின்றன.

சுயமொழிக் கல்வி வந்தபோது சொற்கள் மாறின. 1945இல் இலவசக் கல்வி, 1950களில் இடைநிலை வகுப்புகள் படிப்படியாகத் தாய்மொழிக்கு. கொட்டாஞ்சேனைத் துறைமுகத் தொழிலாளியின் மகளும் இனிக் கணிதம் படிக்கலாம், தமிழிலேயே படிக்கலாம். இதை விடப் பெரிய மாற்றம் இந்த வரலாற்றில் இல்லை. கலைச்சொல் ஆக்கியவர்கள் தந்த படித்திறன் என்ற சொல்லை நான் மெச்சுகிறேன்: ஒரு படி கிடையாகப் போனால் எத்தனை படி ஏறுகிறோம் என்ற செயல் அதற்குள் இருக்கிறது. தமிழ்நாட்டின் 'சாய்வு' படத்தைக் காட்டுகிறது, கணக்கைச் சொல்வதில்லை. வெட்டுத்துண்டு என்ற சொல்லில் அந்த நயம் இல்லை. கோடு அச்சை எங்கே வெட்டுகிறது என்று மட்டும் சொல்கிறது, ஏன் அங்கே வெட்டுகிறது என்பதை விழுங்கிவிடுகிறது. வீதம், முதல் என்ற இரண்டு பழஞ்சொற்கள் பக்கத்திலேயே இருக்க, அவற்றோடு முடிச்சுப் போடாமல் புதுச்சொற்கள் தனியே நின்றது ஓர் இழப்பு. அடுத்து வந்த 'புதிய கணிதம்' அந்த இழப்பைக் கூட்டிற்று. 1959இல் பிரான்சின் ரோயோமோன் கருத்தரங்கிலிருந்து கிளம்பிய அலை உலகெங்கும் கணங்களையும் தொடர்புகளையும் பள்ளிக்குள் கொண்டுவந்தது. இலங்கையில் 1972இன் சீர்திருத்தம், 1975இல் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சை, எல்லோருக்கும் கட்டாயக் கணிதம். கட்டாயம் என்பது நல்ல முடிவு. ஆனால் சார்பு என்பது இரண்டு முட்டை வடிவங்களுக்கிடையே அம்புக்குறிகளாகி, அம்புக்குறி எதன் விலை, எதன் தூரம் என்ற கேள்வியே எழாமல் போயிற்று. பத்தாண்டுக்குள் அந்தச் சான்றிதழ் போய்ச் சாதாரண தரம் திரும்பி வந்தது. முட்டை வடிவங்கள் மட்டும் தங்கிவிட்டன.

இனி இன்றைய நிலை. 2007இல் தேர்ச்சி மைய பாடத்திட்டம் வந்த பிறகு நடைமுறை உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. ஓட்டோக் கட்டணம் எல்லோருக்கும் பிடித்த உதாரணம். முதல் கிலோமீற்றருக்கு 100 ரூபாய், பிறகு ஒவ்வொன்றுக்கும் 80 என்று வைத்துக்கொள்வோம். வெட்டுத்துண்டு எவ்வளவு? 100 என்று சட்டென்று வரும் விடை தவறு. மொத்தம் என்பது 80ஐத் தூரத்தால் பெருக்கி 20ஐக் கூட்டியது. கோட்டைப் பின்னால் நீட்டினால் அது நிலையச்சை 20இல் வெட்டும். ஆனால் எந்த ஓட்டோவும் 20 ரூபாய்க்கு நகராது. அரைக் கிலோமீற்றர் போனாலும் 100தான். ஆகவே கோடு ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது, அதற்கு முன் கிடையாக ஒரு துண்டு. இந்தச் சிக்கலை மறைக்க 'தொடக்கக் கட்டணம் 100, கிலோமீற்றருக்கு 80' என்று உதாரணத்தைச் சீவி மட்டம் பண்ணினால், நடைமுறை என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

கரண்ட் பில் இதைவிடச் சிறந்த ஆசான், கடுமையான ஆசானும்கூட. வீட்டுப் பாவனைக் கட்டணத்தில் அலகுகளுக்கு வீதமும் மாதத்துக்கு நிலையான கட்டணமும் உண்டு. விலைகள் அடிக்கடி மாறினாலும் அமைப்பு அதுவே: 60 அலகுக்குள் நின்றால் ஒரு பட்டியல், 60ஐத் தாண்டினால் வேறு பட்டியல், 90, 120, 180 என்று அடுத்தடுத்த படிகள், படி ஏற ஏற வீதமும் கூடும், நிலையான கட்டணமும் கூடும். வரைந்து பார்த்தால் ஒவ்வொரு படிக்குள்ளும் நேர்கோடு; எல்லைக்கு வந்ததும் படித்திறன் மாறுவதோடு கோடே மேலே குதிக்கிறது. 60ஆம் அலகுக்கும் 61ஆம் அலகுக்கும் நடுவில் நிற்கும் அந்த இடைவெளி வீட்டுக்காரிக்குத் தெரியும். மாதக் கடைசியில் மானியைப் பார்த்து மின்விசிறியை நிறுத்துவது அதற்காகத்தான். தேயிலைத் தோட்டத்து நாட்சம்பளமும் இதே சாதி: குறித்த கிலோ வரை ஒரே தொகை, அதற்கு மேல் கிலோவுக்கு இவ்வளவு. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக வேண்டும் என்று நடந்த இழுபறி வெட்டுத்துண்டைப் பற்றியது. கொழுந்தின் அளவைக் கூட்டச் சொன்ன மறுதரப்பு வாதம் கோடு எந்த இடத்தில் ஏறத் தொடங்கவேண்டும் என்பதைப் பற்றியது. ஆலைத் தொழில் எங்கும் நாட்கூலியா, செய்த அளவுக்குக் கூலியா என்ற பழைய தகராறும் கிடைக்கோடா, சாய்கோடா என்பதுதான்.

நடைமுறையிலிருந்து கற்பிப்பதற்கு எதிராக மூன்று நியாயங்கள் சொல்லப்படுகின்றன, மூன்றும் கேட்கத் தக்கவை. முதலாவது, உதாரணத்தின் அலங்காரம் கணிதத்தை மறைக்கும் என்பது. 2008இல் 'சயன்ஸ்' இதழில் கமின்ஸ்கியும் உடனாசிரியர்களும் வெளியிட்ட ஆய்வில், அளவுக் கோப்பைகளை வைத்துக் கற்றவர்களைவிட வெறும் குறியீடுகளில் கற்ற பல்கலைக்கழக மாணவர் புதிய சூழலுக்கு அந்தக் கணிதத்தை நன்றாக எடுத்துச் சென்றார்கள். பெல்ஜியத்தில் டி பொக் குழுவினர் அதே சோதனையை மீளச் செய்தபோது படம் சிக்கலாயிற்று: புதிய சூழல் நடைமுறை சார்ந்ததாக இருந்தால் நடைமுறையில் கற்றவர்கள் பின்தங்கவில்லை. பிறேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் இளநீரும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளை நூனெஸ், கராகர், ஷ்லீமன் ஆகியோர் ஆராய்ந்து 1985இல் எழுதியதும் இங்கே நினைவுக்கு வரும். தெருவில் அவர்கள் போட்ட கணக்கில் 98 சதவீதம் சரி. அதே கணக்கைக் காகிதத்தில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37 சதவீதம். இதைத் தெருவின் வெற்றியாக மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கம். தெருவில் கற்றது காகிதத்துக்குத் தானாக வரவில்லை என்பதும் அதே எண்களில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நடந்து காட்ட ஓர் ஆசிரியர் வேண்டும்.

இரண்டாவது நியாயம் என்னை அதிகம் யோசிக்க வைப்பது: யாருடைய நடைமுறை? வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பில் லிஃப்ட்டும் ஏசியும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கும், கொட்டாஞ்சேனையில் பல குடும்பம் ஒரே முற்றத்தைப் பகிரும் தோட்ட வீட்டுப் பிள்ளைக்கும் கரண்ட் பில் ஒன்றல்ல. வாடகைக் கார் உதாரணம் ஒருத்திக்குப் பழக்கம், மற்றவளுக்குப் படம். பில்லையே வகுப்புக்குக் கொண்டுவரச் சொன்னால் வீட்டு வறுமை பலகையில் ஏறிவிடும். இது வெறும் நாசூக்கு விடயம் அல்ல. ஆனால் இதற்கு விடை ஏ நகரமும் பீ நகரமும் ஆகாது. எல்லோருக்கும் பொதுவான, எவரையும் காட்டிக்கொடுக்காத பொருளைத் தேர்ந்தால் போதும்: அச்சிட்ட கட்டணப் பட்டியல், இரயில் நேர அட்டவணை, பத்திரிகையில் வரும் பவுண் விலை.

மூன்றாவது, நேர்கோட்டையே நடைமுறையிலிருந்து கற்றால் பிள்ளை உலகம் முழுவதையும் நேர்கோடாகவே பார்க்கும் என்பது. இதற்கும் ஆதாரம் உண்டு, அதே பெல்ஜிய ஆய்வாளர்களிடமிருந்தே. சதுர நிலத்தின் பக்கம் பல மடங்கானால் உரமிட எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டபோது பெரும்பாலான மாணவர் நேரமும் அதே மடங்கு என்றார்கள். 'நேர்கோட்டு மயக்கம்' என்று அவர்கள் பெயரிட்டது இதைத்தான். கொழும்பில் இதற்கு உரம் தேவையில்லை, காணி போதும். இங்கே காணி பேர்ச்சஸில் விற்கிறது, ஓர் ஏக்கரில் 160. முகப்பும் ஆழமும் இரட்டித்த காணி நான்கு மடங்கு பேர்ச்சஸ். பேர்ச்சுக்கு விலை ஒன்றென்றால் பரப்புக்கும் விலைக்கும் நேர்கோடு, பக்கத்துக்கும் விலைக்கும் வளைவு. லீலாவதியின் மாற்றும் நிறையும் வேறு உடையில் திரும்ப வந்து நிற்கின்றன. மயக்கத்துக்குக் காரணம் நடைமுறை உதாரணம் என்பதைவிட, நேர்கோட்டுப் பாடத்தில் நேர்கோட்டு உதாரணம் மட்டுமே வரும் என்று பிள்ளை கண்டுபிடித்துவிட்டது என்பதே பொருத்தம். அத்தியாயத் தலைப்பைப் பார்த்தே விதி தெரிந்துவிடுகிறது, யோசிக்க என்ன இருக்கிறது? பழைய விதியையும் அதன் தலைகீழையும் ஒரே இருப்பில் சொன்ன ஒழுங்குக்கு மாறாக, நம் பாடநூல் நேர்விகிதசமனை ஓர் அத்தியாயத்திலும் நேர்மாறு விகிதசமனை இன்னோர் அத்தியாயத்திலும் அடைத்து, நடுவில் ஒரு பரீட்சையும் வைக்கிறது. கலந்து கொடுத்தால் நேரம் போதாது என்பார்கள். காலி வீதியின் இருபுறமும் மாலை ஏழு மணிக்கு டியூஷன் வகுப்புகள் நிறைந்து வழிவதைப் பார்த்தால், நேரம் எங்கோ போய்க்கொண்டுதான் இருக்கிறது.

வெட்டுத்துண்டைப் பற்றி இன்னொன்று. அதைக் கற்பிப்பதே கடினம் என்று ஆசிரியர்கள் சொல்வது வழக்கம், ஏனென்றால் எக்ஸ் பூச்சியமாகும் நிலையைப் பிள்ளைகளால் நினைத்துப் பார்க்க முடிவதில்லை. பூச்சியம் கிராம் சங்கிலிக்குச் செய்கூலி எப்படி? பூச்சியம் கிலோமீற்றர் போகும் ஓட்டோ எங்கே? ஆனால் வெள்ளவத்தையில் அது ஒவ்வொரு மாடியிலும் இருக்கிறது. இலண்டனிலும் டொறொன்டோவிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் வாங்கிப்போட்ட வீடுகள் ஆண்டில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கின்றன. விளக்கு எரிவதில்லை, விசிறி சுற்றுவதில்லை, மானியில் முள் அசைவதில்லை. மாதம் பிறந்தால் கதவிடுக்கில் பில் வந்து கிடக்கிறது.